திருப்பிக் கொடுக்காத போசி

ஆனியிலும் ஆடியிலும் வீடு மாறுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வைகாசி தீர்வதற்குள், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் என்று இரண்டு கெடுவையும் ஒன்றாகக் கட்டி, ஆத்தூரிலிருந்து சங்ககிரிக்குச் சாமான்களோடு வந்து இறங்கினோம். என் கணவர் லாரி ஓட்டுகிறார். வண்டி கிளம்புவதும் வந்து நிற்பதும் சங்ககிரியில். ஆத்தூரில் இருந்தவரை, பதினைந்து நாள் வடக்கே சுற்றிவிட்டு வருகிறவர் வண்டியை இங்கே விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருவார். குளித்து, சாப்பிட்டு, பெரியவளிடம் மார்க் கேட்டு, சின்னவளைத் தோளில் தூக்கி வைப்பதற்குள் அடுத்த லோடுக்குப் போன் வந்துவிடும். "நான் இந்த வீட்டுக்காரனா, விருந்தாளியா?" என்று ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வண்டி நிற்கிற ஊருக்கே வீட்டைக் கொண்டுபோய்விடுவது என்று அன்றைக்கு முடிவானது.

சாமான் இறக்க வந்த ஆட்களில் ஒருவர் புது வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். சாமானைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே பார்த்தார். "ஏனுங்க, ஊடு சின்னதா இருக்குது, சாமான் பெருசா இருக்குது. இந்த பீரோ உள்ள போச்சுன்னா உங்கள்ல ஒருத்தரு வெளிய படுக்கோணுங்க" என்றார். எங்கே போனாலும் இப்படிப் பேசுகிற ஒருவர் கிடைத்துவிட்டால் எனக்கு அந்த ஊரில் பாதிப் பயம் போய்விடும். அவர் சொன்னது மாதிரியே பீரோ உள்ளே போக மறுத்தது. கதவைக் கழற்றித்தான் நுழைத்தார்கள்.

நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். பால் பொங்கியதோடு சரி. அதன் பிறகு தீப்பெட்டி எந்த மூட்டையில் போனது, கரண்டி எந்த அண்டாவுக்குள் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் சின்னவள் "பசிக்குது" என்று ஆரம்பித்தாள். அவளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறவள். பசி என்று ஒருமுறை சொன்னால் சோற்றைக் கண்ணில் காட்டும் வரை நிறுத்த மாட்டாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா தெருவைத் தாண்டி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல தாட்டியான உடம்பு. கையில் மூடி போட்ட எவர்சில்வர் போசி. இந்தப் பக்கம் சோறு குழம்பு எடுத்து வைக்கிற பாத்திரத்தைப் போசி என்பார்கள். மூடிமேல் நான்கு அப்பளம்.

"ஊடு மாத்துன அன்னிக்கு அடுப்பு எங்க இருக்குது, அரிசி எங்க இருக்குதுன்னு சாமிக்கே தெரியாதுங்க அம்மிணி. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருக்கறேன். உண்டுபோட்டுப் படுங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

மூடியைத் திறந்ததும் நெய்யும் சின்ன வெங்காயமும் சேர்ந்து எழும்பின வாசத்தை இப்போது நினைத்தாலும் வாய் ஊறுகிறது. நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாள்களை இலையாகப் போட்டுத் தின்றோம். சின்னவள் கடைசியில் போசிக்குள் கையை விட்டு அடியை விரலால் வழித்து நக்கினாள். "அம்மா, நம்ம ஆத்தூர்ல ஏன் இத செய்யல?" என்று என்னைக் குற்றவாளியாக்கினாள்.

போசியை அன்றைக்கே கழுவித் துடைத்துவிட்டேன். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பியவள் வாசல்படியில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் ஒருவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கமே கிடையாது. ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் முதல்முதலில் பழகுகிறோம், அவ்வளவு ருசியான சோற்றுக்குச் சர்க்கரையா என்று ஒரு கௌரவம் குறுக்கே வந்து நின்றது. ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊர் ஆத்தூர். ஆத்தூர்க்காரி கையால் கொடுப்பதென்றால் ஜவ்வரிசி வடகம்தான் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊற்றிக் காயவைத்து, போசி நிறையக் கொடுத்துவிடுவோம் என்று அதை அலமாரியில் ஏற்றி வைத்தேன்.

அந்த ஞாயிறு வரவேயில்லை. வந்தது, நான்தான் அதில் இல்லை. மூட்டை பிரிப்பதிலேயே போனது. அடுத்த திங்கள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிற ஒரு கடை. ஆத்தூரில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் நான். இங்கே ஒரு தார்ப்பாயை விரித்தால் என் புது வீடு முழுவதும் அதற்குள் அடங்கும். மழைக்காலத்துக்கு முன்னால் வடக்கே போகிற வண்டிகள் எல்லாம் தார்ப்பாய் மாற்றும். ஆனி பிறந்தால் கடையில் தலை நிமிர நேரமிருக்காது.

காலையில் ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதில் ஆரம்பிக்கும். இரண்டு டிபன் பாக்ஸ், இரண்டு ஜடை, பெரியவளின் காணாமல் போன பெல்ட், சின்னவளின் ஒற்றைச் சாக்ஸ். பெரியவள் எட்டாம் வகுப்பு, எட்டு மணி பஸ். சின்னவளுக்கு எட்டேகால் வேன். அந்த வேன் டிரைவர் தினமும் ஹாரனை அடித்துவிட்டு, "அக்கா, நானே தலை சீவி உடட்டுங்களா?" என்று கேட்பார். அவளை ஏற்றிவிட்டு நான் மொபெட்டை எடுத்தால் எட்டரை. சாயந்தரம்தான் சிக்கல். சின்னவளை வேன் மூன்றே முக்காலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். பெரியவளுக்குச் சிறப்பு வகுப்பு, வந்து சேர ஐந்தரை ஆகும். எனக்கு வேலை ஆறு மணி வரை. ஆத்தூரில் பக்கத்து வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், யோசிக்க வேண்டியதே இருந்ததில்லை. இங்கே மூன்றே முக்காலுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் என் பிள்ளைக்கு ஒரு வீடு தேவைப்பட்டது.

முதல் வாரம் மூன்றே முக்காலுக்கு ஓடி வந்து சின்னவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கே போனேன். அவள் தார்ப்பாய்ச் சுருளுக்குள் புகுந்து விளையாடினாள். ஓரத்துக்கு அடிக்கிற பித்தளை வளையங்களைக் கோத்து மாலை போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் மிஷின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அவள் பின்னலைப் பார்த்துவிட்டு முதலாளி மிஷினையே நிறுத்திவிட்டார். திட்டவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"இங்க பாரும்மா, எனக்கும் பேத்தி இருக்குது. உம்புள்ள ஓடியாறதப் பாத்தா எனக்கு வேலையே ஓடறதில்ல. நெஞ்சு படபடங்குது. ஒண்ணு பண்ணு. ஆடி ஒண்ணு வரைக்கும் நீ மூணே காலுக்குக் கெளம்பிக்க. அதுக்குள்ள புள்ளைக்கு ஒரு ஏற்பாடு பண்ணிரு. ஆடியிலிருந்து ஆறு மணி வரைக்கும் ஆள் இல்லாம என்னால முடியாது. ஆவுலீன்னா சொல்லிரு, வேற ஆளப் பாத்துக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

கோபிக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. வேலை போனால் வீட்டு வாடகைக்கு என் கணவர் வண்டியையே நம்பி உட்கார வேண்டும். அதைவிட, இத்தனை வருஷத்தில் எனக்கு நன்றாக வந்த வேலை இது ஒன்றுதான். பெரிய ஊசியில் நான் போடும் தையல் நூல் பிடித்த மாதிரி போகும். அதை விட மனசில்லை.

ஏற்பாடு கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. எதிர்வீட்டு அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவர். மூன்று மணிக்குக் கிரைண்டர் ஓடி முடிந்தால் ஏழு மணி வரை வாசலிலேயே இருப்பார். அவர் பிள்ளைகள் திருப்பூரில். கணவருக்கு மில்லில் ஷிப்டு. தெருப் பிள்ளைகள் எல்லாம் அவர் வீட்டு வாசலில்தான் விளையாடும். போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

கேட்கப் போக முடியாமல் அலமாரியில் அந்தப் போசி உட்கார்ந்திருந்தது. சோற்றை வாங்கித் தின்றுவிட்டு மூன்று வாரமாகப் பாத்திரத்தைக் கொடுக்காதவள், இப்போது பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று போய் நிற்பதா? முதலில் வடகம். அதைக் கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு கேட்டுவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து ஜவ்வரிசி காய்ச்சினேன். சீரகமும் பச்சைமிளகாயும் போட்டுப் பதமாக வந்தது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் ஊற்றுவதற்கு வேட்டி இல்லை. பழைய வேட்டி மூட்டை எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. நான் தார்ப்பாய்க் கடைக்காரி ஆயிற்றே, வெட்டிப்போட்ட துண்டு ஒன்று புதிதாக, சுத்தமாக வீட்டில் இருந்தது. கழுவித் துடைத்து விரித்தேன். வழவழவென்று அழகாக இருந்தது. நூறு வடகம் ஊற்றினேன். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தபின் உரித்தால் ஒன்றுகூட ஒட்டாமல் கழன்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொரித்து வாயில் போட்ட பெரியவள் மென்றுகொண்டே யோசித்தாள். "அம்மா, லாரி வாசனை வருது" என்றாள்.

வெயிலில் காய்ந்த தார்ப்பாய் தன் எண்ணெய் வாசத்தையெல்லாம் என் வடகத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தது. ஊரில் யாரும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டார்கள். போசி மறுபடியும் அலமாரிக்குப் போனது. இதில் இன்னொரு கூத்து, அதன் மூடி என் பால் பாத்திரத்துக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. கை பழகி அதைப் பால் மூடவே எடுக்க ஆரம்பித்துவிட்டேன். பெரியவள், "அந்தப் போசியையும் ரேஷன் கார்டுல சேர்த்துடலாம்மா, நம்ம வீட்டு ஆள் ஆயிடுச்சு" என்றாள்.

என் கணவர் நாகபுரியிலிருந்து போனில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு பிடி சக்கரையப் போட்டுக் கொடுத்துட்டு வாயேன். நான் ஆயிரம் கிலோமீட்டர் வந்துட்டேன், நீ இன்னும் எதிர்வீட்டுக்குப் போய்ச் சேரல."

அவருக்கென்ன. அந்தத் தெரு எட்டு அடிதான் இருக்கும். அதைத் தாண்டுவதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு அடி கூடிக்கொண்டே போனது. நான்காவது நாளென்றால் சர்க்கரை போதும். ஒரு மாதம் கழித்துச் சர்க்கரையோடு போனால் என்ன நினைப்பார்கள்? மாவு வாங்கப் போனாலும் போசிப் பேச்சு வந்துவிடும். அதனால் எதிரிலேயே மாவு விற்கும்போது, நான் தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்கி, துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன். ஒருநாள் அப்படி நுழையும்போது அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் "வேலைக்குப் போயிட்டு வாரீங்களா?" என்று கேட்கிறவர் அன்று கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார். அவருடைய மாவுப் பாத்திரத்தின் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டும், தட்டு பறக்காமலிருக்க ஒரு கல்லும் இருந்தன. ஆனிக் காற்றுக்கு அந்தத் தட்டு டக் டக்கென்று ஆடும். என் வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்கும்.

ஆடி பிறக்க ஐந்து நாள் இருந்தது. குஜராத்துக்குக் கிளம்பும் ஒரு வண்டி தார்ப்பாய்க்காகக் கடை வாசலிலேயே நின்றது. கடைசி ஓரத்தைத் தைத்துக் கொடுத்துவிட்டு நான் கிளம்பும்போதே மூன்றரை. வழியில் ஒரு நீளமான டிரெய்லர் திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாலேகால்.

வாசலில் சின்னவளின் பை கிடந்தது. கதவு திறந்திருந்தது. சாவியைச் செடித்தொட்டிக்கு அடியில் வைப்பது அவளுக்கும் தெரியும். "பாப்பா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. குளியலறை, பீரோவுக்குப் பின்னால், மாடிப்படி. எங்கேயும் இல்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தவள் சமையலறையில் முக்காலி ஒன்று அலமாரிக்குக் கீழே இழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தேன். போசி இல்லை.

பிள்ளை எங்கே போயிருக்கிறாள் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஐயோ, வெறும் போசியைக் கொண்டுபோய்விட்டாளே என்பதுதான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினேன்.

எதிர்வீட்டு வாசலில் சின்னவள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்தப் போசி. அதற்குள் அரிசிம்பருப்புச் சோறு. யூனிபார்ம் முழுக்கப் பருப்பு. அக்கா அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது போல எனக்குத் தோன்றியது.

"பாப்பா, இங்க என்னடி பண்ற?"

"பசிச்சுதும்மா. இந்தச் சோறு இன்னும் இருக்குதான்னு கேட்டேன். இருக்குதுன்னாங்க" என்றாள் நிறைந்த வாயோடு.

அக்கா என் கையைப் பார்த்தார்.

"கைக்குள்ள என்னங்க அம்மிணி?"

விரித்துக் காட்டினேன். ஓடி வந்த வேர்வையில் சர்க்கரை பாதி பாகாகி விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க சக்கரை?"

"போசிக்கு... வெறும் போசியா கொடுக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்ததும் எல்லாம் சேர்ந்து கொட்டியது. வடகம் ஊற்றலாம் என்றிருந்தது, ஞாயிற்றுக்கிழமை கிடைக்காதது, தார்ப்பாய் மேல் காயவைத்தது, லாரி வாசம் வந்தது, முகத்தில் முழிக்க முடியாமல் கடை மாவு வாங்கியது. பாலுக்கு மூடி போட்டதை மட்டும் சொல்லவில்லை. சின்னவள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நிதானமாகத் தின்றாள்.

அக்கா எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார்.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒரு மாசமா நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டேன். நாங்க வேதக்காரங்க" என்று நிலைக்கு மேலே இருந்த சிறிய சிலுவையைக் காட்டினார். "உங்களுக்கு முன்னால அந்த ஊட்டுல இருந்தவங்க நாலு வருசம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாங்க. கிறிஸ்மஸுக்கு நாங் கொடுத்த பலகாரத்தப் பூராவும் மறுநாள் குப்பைத் தொட்டியில பாத்தேன். எங்கூட்டுச் சோறு அவங்களுக்கு ஆவாது. அதச் சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். இப்ப நீங்க போசியத் திருப்பிக் கொடுக்கலீங்க. மாவுகூட வேற பக்கம் வாங்கறீங்க. செரி, அன்னிக்குச் சோத்தையும் உண்ணிருக்க மாட்டாங்க, கழுவறதுக்குக்கூட அருவருப்புப்பட்டு அப்படியே வெச்சிருக்காங்க போலன்னு நெனச்சேன். அதான் வாய் பேசல."

எனக்குத் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டியது மாதிரி இருந்தது. மரியாதைக்காக வைத்துக்கொண்டிருந்த பாத்திரம் ஒரு மாதமாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் என்ன சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது!

"அக்கா, இவ அன்னிக்குப் போசிக்குள்ள கைய விட்டு வழிச்சு நக்குனாக்கா" என்றேன். அழுகையும் அதோடு வந்துவிட்டது.

"அதான் சொன்னாளே! வெறும் போசிய நீட்டிக்கிட்டு வந்து நின்னு, 'அன்னிக்குக் கொடுத்தீங்களே, அந்தச் சோறு'ன்னு கேக்கறா. எனக்கு உசுரே வந்த மாதிரி இருந்துச்சு. நீ சக்கரை கொண்டாந்து என்ன, கல்கண்டு கொண்டாந்து என்ன, அதுக்கு ஈடாவுமா?"

அன்றுதான் அவர் முதல்முறையாக என்னை நீ என்றார். வாங்க, போங்க எல்லாம் அந்த ஒரு பேச்சில் கழன்றுவிட்டது.

கேட்க வேண்டியதை அப்போதே கேட்டேன். இனி வடகம் வரை காத்திருக்க நேரமில்லை. ஆடி ஒன்றிலிருந்து ஆறு மணி வேலை, நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம், பெரியவள் வந்துவிட்டால் அவள் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சின்னவளைப் பார்த்தார்.

"கிரைண்டர் பக்கம் போவக் கூடாது. போனீன்னா மாவுல போட்டு ஆட்டிப்போடுவேன். செரியா சாமி?"

சின்னவள் தலையாட்டினாள்.

"மாசாமாசம் மொத வெள்ளிக்கெழம பொழுதோட எனக்கு மாதாகோயில்ல பூசை. ஊட்ல இருக்க மாட்டேன். அன்னிக்குக் கூட்டிக்கிட்டுப் போவட்டுமா?" இதை என்னைப் பார்த்துக் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்கக்கா. இவ அங்க பேசாம உட்காரணுமேன்னுதான் எனக்குப் பயம்."

"நம்ம சாமியார் பிரசங்கத்துக்குப் பெரியவங்களே தூங்கிருவாங்க. இவளும் தூங்கட்டும்" என்றார். பிறகு விரலை நீட்டி, "இன்னும் ஒண்ணு. இனிமே அந்தக் கடை மாவு உன்ற ஊட்டுக்குள்ள போவக் கூடாது. அது மாவா அது? சுண்ணாம்பு" என்றார்.

அன்றிரவு மிச்சமிருந்த வடகத்தைப் பொரித்து ஒரு தட்டில் கொடுத்தனுப்பினேன், சிரிப்பதற்காகவாவது இருக்கட்டும் என்று. அக்காவின் கணவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தின்றார் போலிருக்கிறது. "வண்டி டாப்புல உக்காந்து தின்னாப்பல இருக்குது, ஆனா நல்லா இருக்குது" என்று சொன்னாராம்.

ஆடி ஒன்றாம் தேதி நான் ஆறு மணி வரை தைத்தேன். நாலு மணிக்கு ஒருமுறை, ஐந்து மணிக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கிளம்பும்போது முதலாளி, "ஊட்டுக்குப் போயித் தேங்காய் சுடு, போ" என்றார். ஆடி முதல் நாள் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு தேங்காய் சுடுவார்கள். கண்ணைத் திறந்து, தண்ணீரில் பாதியை வடித்துவிட்டு, பொட்டுக்கடலையும் வெல்லமும் எள்ளும் அவலும் உள்ளே போட்டு, நீளக் குச்சியில் குத்தி நெருப்பில் காட்டுவார்கள். நான் தேங்காய்கூட வாங்கி வைக்கவில்லை. பிள்ளைக்கு முதல் நாளே ஏமாற்றமாகிவிடும் என்ற நினைப்போடுதான் மொபெட்டைத் தெருவுக்குள் திருப்பினேன்.

தெரு முழுக்கப் புகை. வீட்டுக்குள் போய்ப் பையை வைத்தபோது பால் பாத்திரத்தின் மேல் அந்த மூடி இருந்தது. எடுத்துக் கழுவினேன். சர்க்கரை டப்பா பக்கத்திலேயேதான் இருந்தது. தொடவில்லை. மூடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

அக்கா வீட்டு வாசலில் சுள்ளி அடுக்கி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரியவள் விசிறிக்கொண்டிருந்தாள். சின்னவள் தன்னைவிட உயரமான குச்சியை இரண்டு கையாலும் பிடித்துத் தேங்காயை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பின்னால் நின்று குச்சியின் அடியைத் தாங்கிக்கொண்டிருந்தார். மூன்று பேர் முகத்திலும் கரி.

"உங்களுக்கு ஆடி உண்டாக்கா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஆடி இல்ல. தேங்காய் உண்டு" என்றார். என் கையைப் பார்த்தார். "இதென்ன, மூடியா? மாவுப் பாத்திர மூடியப் போசிமேல போட்டுக் கொடுத்துப்போட்டு, இதைய நான் எங்கெல்லாம் தேடுனேன்! உள்ள என்ன வெச்சிருக்கற?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் மூடி."

"அப்பச் செரி" என்று வாங்கிக்கொண்டார். மாவுப் பாத்திரத்தின் மேலிருந்த கல்லை எடுத்து வீசிவிட்டு மூடியை வைத்து அழுத்தினார்.

சின்னவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. தேங்காய் ஓட்டில் விரிசல் விடுகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தேன். ஓடு படக்கென்று வெடித்தது. வெல்லம் கசிந்து நெருப்பில் சொட்டி வாசம் எழும்பியது. அப்போதுதான் என்னைக் கண்டாள். முகம் சுருங்கியது.

"அதுக்குள்ள ஏம்மா வந்த?" என்றாள். "இன்னும் ரெண்டு தேங்காய் இருக்கு."